நாற்பது விகலை

சதர்லேண்டில் ஜூன் மாதம். வெளியே மைனஸ் ஆறு.
கட்டுப்பாட்டு அறை ஹீட்டர்
என் இடது காலை மட்டும் சுடுகிறது.
மைக்ரோவேவில் பருப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது.
திரையில் இருப்பதும் சுற்றுகிறது,
பார்த்தால் தெரியாது.

விண்ணப்பத்தில் அதன் பெயர் ஓர் எழுத்து, பத்து எண்கள்.
நான் வைத்த பெயர் மசூர்.
மசூர்ப் பருப்பு ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்:
நடுவில் புடைப்பு, ஓரம் மெல்லிசு,
அவ்வளவுதான்.
சுருள் மண்டலங்களுக்குக் கைகள் உண்டு,
இதற்குக் கிடையாது.
வாயு தீர்ந்துவிட்டது.
புதிதாக ஒரு நட்சத்திரம் பிறந்து யுகங்கள் ஆகின்றன.
இருப்பவை எல்லாம் முதிர்ந்து சிவந்தவை,
ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாதவர்கள் மாதிரி.

பொச்செஃப்ஸ்ட்ரூமிலிருந்து டாக்டர் ஃபெர்மாக் எழுதியிருக்கிறார்:
மையத்தை நடுவில் வை.
இருபது நிமிடம், பன்னிரண்டு முறை.
வடகிழக்கில் ஒரு துணை இருக்கிறது,
சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடு.
அதன் ஒளி என் கணக்கைக் கெடுக்கிறது.

நியாயம்தான்.
அவருக்கு வேண்டியது புடைப்பின் எடை.

முதல் படம் இறங்கியது.
துணை இல்லை.
ஆனால் வெட்டுப்பட்ட ஓரத்திலிருந்து
மங்கலாக ஒரு கீற்று உள்ளே நீண்டு
மசூரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.
கைகள் இல்லாததன் மேல் ஒரு கை.

மெர்பேங்க் வீட்டு ஷோகேஸில் ஒரு புகைப்படம்.
எண்பத்தாறு. சாலாட்சி அக்காவுக்கு இருபத்தொரு வயது நிறைந்த நாள்.
வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய அட்டைச் சாவியைப் பிடித்தபடி
வலது பக்கம் சாய்ந்து நிற்கிறாள்.
சாய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.
டெஸ்மண்ட் நின்ற பகுதியை அப்பா கத்தரித்துவிட்டார்,
தையல் கத்தரிக்கோலால், நேர்க்கோடாக.
தெருவுக்கு அந்தப் பக்கம் வென்ட்வொர்த்,
இந்தப் பக்கம் நாங்கள்.
கோடு போட்டது அரசாங்கம்.
அதை ஷோகேஸ் வரை கொண்டுவந்தது நாங்கள்.

தோளில் மட்டும் நான்கு விரல்கள் தங்கிவிட்டன.
அவற்றை எடுக்க அக்காவையும் வெட்ட வேண்டியிருக்கும்.
எட்டு வயதில், கண்ணாடி துடைக்கும் சனிக்கிழமைகளில்,
எண்ணிப் பார்ப்பேன். நான்குதான்.
கட்டைவிரல் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கும்.
அடுத்த வருடம் அக்கா போய்விட்டாள்.
ஈஸ்ட் லண்டன் என்றார்கள்.
பிறகு அதையும் சொல்வதில்லை.

இரண்டாவது படத்துக்கு முன்
தொலைநோக்கியை நாற்பது விகலை நகர்த்தினேன், வடகிழக்கே.
மோட்டார் ஒரு தும்மல் போட்டது.

வந்தது.
சின்னது, கோணல், பாதி கலைந்தது.
மசூர் இழுத்த இழுப்பில்
அதன் ஒரு பக்கம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.
அது இழுத்ததில் மசூரின் தட்டும் லேசாக வளைந்திருந்தது.
தனியாகப் பார்த்தபோது
கண்ணாடியின் குறை என்று நினைத்திருந்தேன்.

நடுவே, கீற்றின் மேல்,
நீல வடிகட்டியில் மட்டும் தெரியும் ஒரு புள்ளி.
பழுதான பிக்ஸல் என்று மூன்றாவது படம் வரை சொல்லிக்கொண்டேன்.
நான்காவதிலும் இருந்தது.
எல்லாம் தீர்ந்ததாக எழுதிவைத்த வீட்டுக்கு வெளியே
யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.
அந்த ஒளி கிளம்பியபோது
இந்த ஊருக்குப் பக்கத்துக் குன்று
நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது.
இன்று அதன் மேல் செம்மறிகள்.

மூன்று மணிக்குக் காற்று எல்லையைத் தாண்ட
கூரையை மூடினேன்.
ஒன்பது படங்கள். ஃபெர்மாக் கேட்பார்.
பருப்பு ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது.
நின்றபடியே சாப்பிட்டேன்.

பதிவேட்டில் ஒரு கட்டம்:
குறியிலிருந்து விலகல், நாற்பது விகலை.
அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: காரணம்.

காற்று, என்று எழுதினேன்.